உம்மும்மாவின் தாலாட்டும் பழைய பெட்டிகளும்

கொம்ப்ரசர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாத்தளை நகரில் எவரும் டயர் கடையைத்தான் காட்டுவார்கள். பாட்டுக்கும் ஒரு கொம்ப்ரசர் தேவை என்று நான் சொன்னபோது வாப்பாவும், "பாட்டுக்குக் காத்தடிக்கப் போறீங்களா மகள்?" என்றுதான் கேட்டார். காற்றை அமுக்குவது டயர் கடைக் கொம்ப்ரசர். சத்தத்தை அமுக்குவது இந்தக் கொம்ப்ரசர். ஒலி ஓர் எல்லைக்கு மேல் உரத்துப் போனால் இது தானாகவே கையை வைத்துத் தாழ்த்திவிடும். உரத்த இடங்கள் தாழ்ந்த பிறகு முழுப் பதிவையும் சற்று உயர்த்தினால், முன்பு கேட்காத மெல்லிய இடங்களும் காதுக்கு எட்டும். அதன் கூட்டாளி ஈகுவலைசர். அது சத்தத்தின் அளவைப் பார்ப்பதில்லை, மீடிறனைப் பார்க்கிறது. அடித்தொனியைக் கூட்டவோ, கூர்மையைக் குறைக்கவோ அதனால் முடியும்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். டோஹாவில் இருக்கும் என் சாச்சிக்குப் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு குழந்தை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் உம்மும்மாவின் ஒரே தாலாட்டில் தூங்கியவர்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. உம்மும்மாவுக்கு முழங்கால் வலி. விமானம் ஏற முடியாது. "உம்மாட தாலாட்டைப் பதிஞ்சு அனுப்புங்க மகள். ஆனா போன்ல சும்மா பதிஞ்சா பாதி கேட்காது, பாதியில புள்ள திடுக்கிட்டு எழும்பும்" என்றார் சாச்சி. எனக்குத் தரப்பட்ட வேலை இவ்வளவுதான்.

உக்குவளையில் உம்மும்மாவின் வீடு ரயில் பாதைக்கு அருகில் இருக்கிறது. மாத்தளை ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். ஆகவே இஷாத் தொழுகைக்குப் பிறகு, ரயிலும் மழையும் இல்லாத ஓர் இரவில் பதிந்தோம். நானாவின் யூ.எஸ்.பி. மைக்கை உடுப்பு அலமாரியின் திறந்த கதவுக்கு முன்னால் வைத்து, இரண்டு பக்கமும் தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டோம். துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் உம்மும்மாவின் குரல். பிறகு அதன் கீழே என் உம்மாவின் ஹம்மிங். கடைசியாக, வளையத்தில் தொங்கும் தொட்டிலின் கயிறு எழுப்பும் 'கிரீச்' என்ற சத்தம். வாத்தியம் எதுவும் இல்லை. தொட்டில் ஆடும் வேகமே தாளம்.

உம்மும்மா மைக்குக்காகப் பாடுபவர் அல்ல, பிள்ளைக்காகப் பாடுபவர். பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கும் இடத்தில் குரலை உயர்த்துவார். கண் சொருகும் இடத்தில் மூச்சோடு மூச்சாகத் தாழ்த்துவார். கணினித் திரையில் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 டெசிபெல் வித்தியாசம் இருந்தது. பௌதிகவியல் படிக்கும் தோழியருக்குத் தெரியும், 20 டெசிபெல் என்றால் ஒலிச் செறிவில் 100 மடங்கு. தாழ்ந்த வரி கேட்கும்படி சாச்சி போனின் சத்தத்தைக் கூட்டினால், அடுத்த வரியில் பிள்ளை அழுதுகொண்டு எழும்பும்.

ஸூரா லுக்மானில் ஒரு தந்தை மகனுக்குச் சொல்லும் அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக்கொள்வதும் ஒன்று என்று மத்ரஸாவில் படித்திருக்கிறோம். குரலைத் தாழ்த்துவது ஒன்று, குரலை நசுக்குவது வேறொன்று. கொம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது இந்த வித்தியாசம்தான் எனக்கு அளவுகோலாக இருந்தது.

கணினியில் ஒலி சீரமைக்கும் எவரும் ஒரு பெரிய கடைத்தெருவுக்குள் நுழைகிறார்கள். 'பிளகின்' எனப்படும் சிறு மென்பொருள்களில் பெரும்பாலானவை பழைய இயந்திரங்களின் நகல்கள். வெள்ளிநிற முகப்பு, பெரிய குமிழ்கள், ஆடும் முள் என்று திரையில் பார்க்கவும் அப்படியே இருக்கும். உண்மை இயந்திரத்தின் ஒவ்வொரு தடையியும் கொள்ளளவியும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சமன்பாடுகளாக்கி, அதே நடத்தையைக் கணினியில் உண்டாக்க முயல்கிறார்கள். ஒரே பழைய பெட்டிக்குப் பல கம்பனிகளின் நகல்கள் இருக்கின்றன. சில இலவசம், சில விலை கூடியவை.

இந்த இடத்தில் வாப்பா ஒரு நிபந்தனை போட்டார். பூட்டு உடைத்த மென்பொருள்கள் சுலபமாகக் கிடைக்கும் என்று என் ஒன்றுவிட்ட நானா ஒருவர் சொல்லியிருந்தார். "வேற ஆளுட உழைப்பைக் களவெடுத்துச் செஞ்ச தாலாட்டு அந்தப் புள்ளைக்கு வேணாம்" என்று வாப்பா முடித்துவிட்டார். ஆகவே, இலவசமாக வழங்கப்படுபவற்றிலிருந்தே தேர்ந்தெடுத்தேன். ஒலிப்பதிவுக்கும் கலவைக்கும் ஓடாசிட்டி. அது முற்றிலும் இலவசம். எல்.ஏ.-2ஏ என்ற பழைய கொம்ப்ரசரின் சாயலில் அனலொக் ஒப்செஷன் தரும் 'லாலா', பல்டெக் ஈகுவலைசர்களின் சாயலில் இக்னைட் ஆம்ப்ஸ் தரும் 'பி.ரி.ஈ.கியூ.-எக்ஸ்' போன்றவையும் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் இல்லாதது ஒரு குறையாகத் தோன்றவில்லை. நூறு பெட்டிகளுக்குப் பதிலாக நான்கைந்தை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

பெயர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட, ஒவ்வொரு பெட்டியும் முதலில் யாருடைய தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது என்று தேடிப் பார்த்தேன். அங்கேதான் விஷயம் சுவாரசியமானது.

எல்.ஏ.-2ஏ பெட்டியைச் செய்தவர் ஜிம் லோரன்ஸ் என்ற அமெரிக்கர். அவர் வானொலி நிலையத்தில் பணியாற்றிய பொறியியலாளர். வானொலியில் ஒலி அளவுக்கு மீறினால் ஒலிபரப்பு சிதையும். தாழ்ந்தால் வீட்டில் இருப்பவருக்குக் கேட்காது. ஆகவே ஒருவர் எப்போதும் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அலுப்பிலிருந்து பிறந்ததுதான் அவருடைய கருவி. அதன் உள்ளே ஒலி ஒரு சிறு தகட்டை ஒளிரச் செய்கிறது; அந்த ஒளி ஓர் ஒளியுணர் தடையியில் விழுகிறது. ஒலி உரக்க உரக்க ஒளி கூடும், தடை குறையும், வெளியே வரும் சத்தம் தாழும். சாதாரண தரத்தில் படித்த அதே ஒளியுணர் தடையிதான்! ஒளி மங்கியதும் அந்தத் தடையி உடனே பழைய நிலைக்கு வராது. முதற்பாதி ஏறத்தாழ 60 மில்லிசெக்கனில் மீளும். மீதி மெல்ல மெல்லச் சில செக்கன்களில் மீளும். கண் இருட்டுக்குப் பழகுவது போல என்று நான் புரிந்துகொண்டேன். முகப்பில் பெரிய குமிழ்கள் இரண்டே: எவ்வளவு அமுக்குவது, பிறகு எவ்வளவு உயர்த்துவது.

1176 என்ற பெட்டி 1967 இல் வந்தது. செய்தவர் பில் புட்னம். இதில் ஒளி இல்லை; புலவிளைவுத் திரான்சிற்றர் ஒன்று அமுக்கும் வேலையைச் செய்கிறது. அதனால் வேகம் மிக அதிகம். மிக வேகமான நிலையில் ஒரு செக்கனின் 10 இலட்சத்தில் 20 பங்கு நேரத்திற்குள் அது ஒலியைப் பிடித்துவிடும். 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான்கள். எண் கூடக் கூடப் பிடி இறுகும். டிரம் போன்ற திடீர்ச் சத்தங்களை அடக்க இதை விரும்புகிறார்கள்.

பெயார்சைல்ட் 670 என்பது 1950களின் இறுதியில் ரெய்ன் நர்மா என்பவர் வடிவமைத்தது. இசைத்தட்டு வெட்டும்போது ஊசி எல்லை மீறிப் பாயாதிருக்க அது உதவியது. உள்ளே 20 வெற்றிடக் குழாய்கள். பாரம் ஏறத்தாழ 30 கிலோ. மாத்தளைச் சந்தையிலிருந்து ஒரு பெரிய பலாப்பழத்தைச் சுமந்து வரும் வாப்பாவுக்கே இதைத் தூக்கச் சிரமமாக இருக்கும். இன்று அதன் நகல் ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓடுகிறது.

ஈகுவலைசர்களில் பல்டெக் மூத்தது. ஜீன் ஷென்க், ஒல்லி சம்மர்லின் என்ற இருவர் 1951 இல் அதைக் கொண்டுவந்தார்கள். கூட்டும் குமிழ் தனி, குறைக்கும் குமிழ் தனி; இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பலாம். அதன் வளைவுகள் அகலமானவை, ஆகவே மாற்றம் மென்மையாக விழும். 1970 இல் ரூபர்ட் நீவ் உருவாக்கிய 1073 இல் கீழ்த்தொனி, நடுத்தொனி, மேல்தொனி என்று மூன்று பகுதிகள் உண்டு. அதோடு 50, 80, 160, 300 ஹேர்ட்ஸ் என்ற நான்கு நிலைகளில் அதற்குக் கீழ்ப்பட்ட இரைச்சலை வடிகட்டும் வசதியும் உண்டு.

இந்தக் கதைகளைப் படித்தபோது ஒன்று விளங்கியது. இவற்றில் எதுவும் 'பழைய' சத்தத்தைத் தருவதற்காகச் செய்யப்படவில்லை. அந்தந்தக் காலத்தில் கிடைத்ததிலேயே தெளிவான ஒலியைத் தரத்தான் அவர்கள் பாடுபட்டார்கள். பழைமை என்பது நாம் பின்னர் ஒட்டிய பெயர்.

இனித் தேர்வுக்கு வருவோம். இங்கே இரண்டு ஒழுங்குகளைக் கடைப்பிடித்தேன். ஒன்று, நகலுக்குள் போகும் ஒலியின் அளவு. பழைய இயந்திரங்களின் முள் பூச்சியத்தைச் சுற்றி ஆடும்போது அவை நன்றாக வேலை செய்தன. பல நகல்கள் அந்தப் பூச்சியத்தை டிஜிற்றல் அளவில் −18 டெசிபெலுக்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே பதிவின் சராசரியை அந்த அளவில் வைத்தேன். மற்றது, ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே உரப்பில் கேட்பது. உரத்துக் கேட்பதே சிறந்தது என்று காது ஏமாந்துவிடும். உரப்பு மாறினால் அடித்தொனியையும் மேல்தொனியையும் காது உணரும் விதமும் மாறுகிறது என்பதை பிளெச்சர், மன்சன் இருவரும் 1933 இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கொம்ப்ரசரை மாட்டுவதற்கு முன், மிக உரத்த வரிகளை ஓடாசிட்டியின் என்வலப் கருவியால் கையாலேயே தாழ்த்தினேன். ஜிம் லோரன்ஸை அலுக்கச் செய்த அதே வேலைதான். ஆனால் 20 டெசிபெல் வித்தியாசத்தை ஒரு பெட்டியின் தலையில் முழுவதாகச் சுமத்தினால் குரல் மூச்சுத் திணறும். பாதியைக் கை செய்தது. மீதியைப் பெட்டிக்கு விட்டேன்.

பிறகு உம்மும்மாவின் குரலை மூன்று விதமாகச் செய்து 'அ', 'ஆ', 'இ' என்று மட்டும் பெயரிட்டு, சாதாரண போன் ஸ்பீக்கரில் வீட்டாருக்குப் போட்டுக் காட்டினேன். எது எந்தப் பெட்டி என்று சொல்லவில்லை. 'அ' 1176 வகை. சொற்கள் பளிச்சென்று முன்னுக்கு வந்தன. கூடவே ஒவ்வொரு மூச்சும் குதித்து வந்தது. "உம்மும்மா ஓடி வந்து பாடுற மாதிரி ஈக்கு" என்றாள் தங்கச்சி. 'ஆ' பெயார்சைல்ட் போன்ற குழாய் வகை. இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் தாழ்ந்த வரிகளின் முடிவில் வரும் மெல்லிய இழுவை சற்று மங்கியது. 'இ' ஒளி வகை. அதைப் போட்டபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா மட்டும் தங்கச்சியின் முதுகில் மெல்லத் தட்டத் தொடங்கினார். அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. முள்ளைப் பார்த்தால் மூன்று, நான்கு டெசிபெலுக்கு மேல் அது அசையவே இல்லை.

தாலாட்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கும் பாட்டு. மெல்லப் பிடித்து மெல்ல விடும் பெட்டி அதற்குப் பொருந்தியது. அதற்காக 1176 வகையை ஒதுக்கிவிடவும் இல்லை. தொட்டில் கயிற்றின் 'கிரீச்' சத்தம் திடீரென்று வரும். ஒளி வகை விழித்துக்கொள்வதற்குள் அது முடிந்துவிடும். அந்த ஒரு தடத்துக்கு மட்டும் வேகமான பெட்டியைக் கொடுத்தேன். கூர் மழுங்கி, கயிற்றின் சத்தம் பின்னால் போய் நின்றது. உம்மாவின் ஹம்மிங் ஏற்கெனவே ஒரே சீராக இருந்தது. அதற்குக் கொம்ப்ரசரே தேவைப்படவில்லை. எதையும் மாட்டாமல் விடுவதும் ஒரு தேர்வுதான்.

ஈகுவலைசரில் முதல் வேலை, நீவ் முறையில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டுவது. பெண் குரல் அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. அங்கே இருந்தது தூரத்து வீதியின் உறுமலும் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும்தான். சில நகல்களில் பழைய இயந்திரத்தின் மின் முனகலையும் சேர்த்துக் கேட்க 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் என்று ஓர் ஆளி வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அந்த முனகல் உம்மும்மாவின் வீட்டில் தாராளமாக இருக்கிறது. காசு கொடுத்தும் வேண்டாம், இலவசமாகவும் வேண்டாம்.

அடுத்து பல்டெக் வகை. அடித்தொனியைக் கூட்டுவதுதான் அதன் புகழ். ஆனால் இந்தப் பாட்டுக் கேட்கப்போவது ஒரு போனின் சிறு ஸ்பீக்கரில். ஆழ்ந்த அடித்தொனியை அதனால் எழுப்பவே முடியாது. ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை. 3 கிலோ ஹேர்ட்ஸில் அகலமாக, மிகச் சிறிதாகக் கூட்டினேன், சொற்கள் தெளிந்தன. 8 கிலோ ஹேர்ட்ஸில் கூட்டிப் பார்த்தபோது, முன் பற்கள் இல்லாத உம்மும்மாவின் 'ச' எழுத்து விசில் அடித்தது. அதை உடனே எடுத்துவிட்டேன். பாடுபவர் யார் என்பதைப் பார்த்துத்தான் பெட்டியின் குமிழைத் திருப்ப வேண்டும்; புத்தகத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து அல்ல.

எல்லாம் முடிந்தபோது ஒன்றுவிட்ட நானா ஒரு யோசனை சொன்னார். "பழைய ரேடியோ சத்தம் மாதிரிச் செய்வோம். கொஞ்சம் இரைச்சல், கொஞ்சம் இசைத்தட்டுக் கீறல். கேட்கிற ஆளுக்குக் கண்ணீர் வரும்." இரண்டு நிமிடத்தில் அவர் அதைச் செய்தும் காட்டினார். உண்மையிலேயே அழகாக இருந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்த உம்மும்மாவுக்கும் பிடிக்கும் என்று நினைத்து அவருக்குப் போட்டோம். அவர் தஸ்பீஹை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டார். பிறகு, "நான் இன்னும் மௌத்தாகல்லயே மகள். ஏன் இப்பவே என்ன அங்க கொண்டு போய் வெக்கிறீங்க?" என்றார்.

அறையில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். உம்மும்மாதான் முதலில் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பழைய ரேடியோவுக்குள் வைத்தால் அந்தக் குரல் வேறொரு காலத்துக்குப் போய்விடும். அந்தக் குழந்தைக்குத் தேவை ஞாபகம் அல்ல. அதற்கு இன்னும் ஞாபகம் என்று ஒன்றுமே இல்லை. அதற்குத் தேவை, பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிலை ஆட்டும் ஓர் உம்மும்மா. நானாவும் மறு பேச்சின்றி அந்தப் பிரதியை அழித்தார். மூன்றாம் வரிக்கு முன்னால் வரும் பெருமூச்சையும், முடிவில் வரும் சிறு இருமலையும் நான் வெட்டவில்லை.

அனுப்பும்போதும் ஒரு கவனம் தேவைப்பட்டது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்பட்டுத் தரம் குறையும். இதையும் கொம்ப்ரஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது கோப்பின் அளவைச் சுருக்குவது, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது அல்ல. ஆகவே பாட்டை ஆவணமாக இணைத்து அனுப்பினேன். சாச்சியின் பதில் மறுநாள் சுபஹுக்குப் பிறகு வந்தது: "புள்ள தூங்கிட்டு. நான்தான் தூங்கல்ல. உம்மா பக்கத்து அறையில இருமுறாங்கன்னு நெனச்சு எழும்பிப் போய்ப் பார்த்தேன்."

தோழியரே, இது பெரிய ஸ்டூடியோக்காரரின் வேலை அல்ல. ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும் உள்ள எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாடுபவரின் குரல் எப்படி ஏறி இறங்குகிறது? கேட்பவர் எந்த ஸ்பீக்கரில், எந்த நேரத்தில் கேட்பார்? இந்தப் பெட்டி முதலில் எந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது? அந்தத் தொல்லை என்னிடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தால், பெட்டி எவ்வளவு புகழ்பெற்றதானாலும் அதை மூடி வைத்துவிடலாம். பிறகு ஒரு கொம்ப்ரசரையும் ஓர் ஈகுவலைசரையும் மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கண்ணை மூடியும் அறியும் அளவுக்குப் பழகுங்கள்.

இதையெல்லாம் விட அவசரமானது இன்னொன்று. நகல்கள் நாளையும் கிடைக்கும். அடுத்த வருடம் இன்னும் நல்லவை வரும். உங்கள் வீட்டில் ஓர் உம்மும்மாவோ வாப்பும்மாவோ இன்னும் பாடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே மைக்கை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெட்டிகளை ஆறுதலாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.